பாரிஸிலிருந்து லூர்துவுக்கு வாடகை காரில் போகலாமா? நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா?

வில்லியனூரான்:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் குடும்பத்தோடு பிரான்ஸ் போகிறோம். எங்கள் வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அம்மா, கண் மூடுவதற்குள் அசல் லூர்துவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பயணம். பெரியம்மா பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில் இருக்கிறார்கள், விசாவும் வந்துவிட்டது.

என் திட்டம் இதுதான். சார்ல்ஸ் தெ கோல் ஏர்போர்ட்டில் இறங்கியதும் அங்கேயே ஒரு கார் வாடகைக்கு எடுத்து, பெரியம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் கிளம்பி ஒரே மூச்சில் லூர்து. 850 கிலோமீட்டர் காட்டுகிறது. நானும் மனைவியும் அம்மாவும், எட்டு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நான் பல வருஷமாகக் கார் ஓட்டுகிறேன், பெங்களூரு, மதுரை எல்லாம் தனியாகவே ஓட்டிப் போய் வந்தவன், ஆனால் வெளிநாட்டில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பெரியம்மா போனில் "வேண்டாண்டா, இங்க எல்லாம் தலைகீழ்" என்கிறார்கள். லைசென்ஸுக்கு என்ன செய்ய வேண்டும், வலது பக்கம் ஓட்டுவது நிஜமாகவே அவ்வளவு கஷ்டமா, இன்சூரன்ஸ் எப்படி, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறேன், அதனால் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

லாஸ்பேட்டை ராயன்:

லைசென்ஸ் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன் சார், மற்றதை அங்கே இருப்பவர்கள் சொல்லட்டும்.

சுற்றுலாவாகப் போகிறவர் நம்ம லைசென்ஸை வைத்து அங்கே ஓட்டலாம், ஆனால் கூடவே பிரெஞ்சில் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்போ, சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். அந்த அனுமதியை நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே தருகிறார்கள். பரிவாஹன் சாரதி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், பாஸ்போர்ட் நகல், விசா நகல் கேட்பார்கள். ஒரு வருஷம் செல்லும், அதற்குள் உங்கள் லைசென்ஸே காலாவதி ஆகிறது என்றால் அதோடு சேர்ந்து இதுவும் போய்விடும், அதனால் முதலில் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். இணையத்தில் சில தனியார் ஆட்கள் டாலரில் காசு வாங்கிக்கொண்டு "இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று ஒன்றை அனுப்புகிறார்கள், அதைத் தொடவே தொடாதீர்கள். நம்ம நாட்டு லைசென்ஸுக்கு நம்ம அரசாங்கம் கொடுப்பதுதான் செல்லும். அந்த அனுமதிப் புத்தகத்தை மட்டும் எடுத்துப் போனாலும் போதாது, அசல் லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருக்கிறது என்று அங்கே போனைக் காட்டினால் எடுபடாது.

நம்ம ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். லைசென்ஸில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம் இடத்தில் உட்கார்ந்திருக்கும், கிரெடிட் கார்டில் வேறொரு மாதிரி சுருக்கியிருப்பார்கள். வாடகை கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு நம்ம இனிஷியல் கணக்கெல்லாம் தெரியாது, மூன்றிலும் ஒரே ஆள்தானா என்றுதான் பார்ப்பாள். அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரி பெயர் வருமா என்று கேட்டுப் பாருங்கள், லைசென்ஸில் திருத்த வேண்டியிருந்தால் இப்போதே ஆரம்பியுங்கள். முன்பதிவு செய்யும்போது பாஸ்போர்ட் பெயரையே போடுங்கள்.

கார்டும் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும், டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள், டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல இடங்களில் ஏற்பதில்லை. பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு, லிமிட்டையும் ஏற்றிவிட்டுப் போங்கள். நம்ம நாட்டில் கார்டு கொடுக்கும்போது அது மூடியேதான் வரும்.

முத்தியால்பேட்டை அக்கா:

தம்பி, நான் பிறந்து வளர்ந்தது முத்தியால்பேட்டை, கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பாரிஸ் புறநகரில்தான் இருக்கிறேன், தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவள். உங்கள் திட்டத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், ஏர்போர்ட்டில் கார் எடுக்காதீர்கள். ராத்திரி முழுக்க விமானத்தில் தூங்காமல் வந்து, கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டிய நாலு பேரை ஏற்றிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வலது பக்கம் ஓட்டுவதற்கு அந்த ஏர்போர்ட் வாசலை விட மோசமான இடம் இந்த நாட்டிலேயே கிடையாது. வெளியே வந்ததும் நேராக நெடுஞ்சாலை, நாலைந்து தடம், லாரி, ஒவ்வொரு பிரிவிலும் அரை நிமிடத்தில் முடிவு எடுக்க வேண்டும். சார்செல் அங்கிருந்து பக்கம்தான், டாக்சியில் போய் இறங்குங்கள்.

அப்புறம் பாரிஸுக்குள் உங்களுக்குக் கார் எதற்கு? மெட்ரோ இருக்கிறது, நிறுத்த இடம் கிடையாது, பெரும்பாலான தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகம்தான், சுற்றுச்சாலையில்கூட 2024 அக்டோபரிலிருந்து 50 ஆக்கிவிட்டார்கள். நாலு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, பெரியம்மா கையால் சாப்பிட்டு, அப்புறம் மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் தேஜேவே என்ற அதிவேக ரயில் ஏறுங்கள். லூர்துவுக்கே நேராகப் போகும் ரயில் இருக்கிறது, ஐந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஆகும், அம்மா காலை நீட்டிக்கொண்டு வரலாம். கார் அங்கே போய் எடுங்கள். பக்கத்திலேயே தார்ப் ஏர்போர்ட்டில் வாடகை கவுண்டர்கள் உண்டு. சின்ன ஊர், அகலமான ரோடு, கூட்டம் குறைவு, கை பழக அதுதான் இடம்.

விதிகளில் நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதுசாக இருப்பதை மட்டும் சொல்கிறேன். பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் உங்கள் வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்கே முதல் உரிமை. அவன் சந்திலிருந்து வருவான், நீங்கள் பெரிய ரோட்டில் இருப்பீர்கள், ஆனாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும், அவன் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிடுவான். மஞ்சள் டைமண்ட் பலகை இருந்தால் நீங்கள் போகும் சாலைக்கு முன்னுரிமை, அதே பலகையின் குறுக்கே கறுப்புக் கோடு போட்டிருந்தால் அந்த உரிமை அதோடு முடிந்தது, அதற்கப்புறம் ஒவ்வொரு வலதுபக்கத் தெருவையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்கு முன்னுரிமை, அவன் இடது பக்கத்திலிருந்து வருவான். நம்ம புதுச்சேரி இந்திரா காந்தி சிலை ரவுண்டானாவில் யார் முதலில் மூக்கை நுழைக்கிறானோ அவன் போவான், இங்கே அப்படி நுழைந்தால் நேராக மோதல்தான், ஏனென்றால் உள்ளே இருப்பவன் பிரேக்கில் கால் வைத்திருக்கவே மாட்டான்.

ஜீப்ரா கோட்டில் ஒருவர் கால் வைக்கப் போகிறார் என்று தெரிந்தாலே நிறுத்த வேண்டும். ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், காலி ரோடாக இருந்தாலும். ஊருக்குள் ஹாரன் அடிக்கவே கூடாது, ஆபத்து என்றால் மட்டும்தான். கையில் போன் வைத்திருந்தால் 135 யூரோ அபராதம், காதில் இயர்போன் மாட்டினாலும் அதே கதிதான். வேகம் ஊருக்குள் 50, நடுவில் தடுப்பில்லாத கிராமத்துச் சாலையில் பொதுவாக 80, சில மாவட்டங்களில் சில சாலைகளில் 90, நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் அது 110. கேமரா எல்லா இடத்திலும் உண்டு, அபராதம் வாடகை கம்பெனிக்குப் போய், அவர்கள் உங்கள் விவரத்தைக் கொடுத்துவிட்டு அதற்குத் தனியாக ஒரு கட்டணத்தை உங்கள் கார்டில் எடுத்துக்கொள்வார்கள்.

ஆர்வமுள்ளவன்_ஈசிஆர்:

அக்கா ரொம்பப் பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். நம்ம ஈசிஆரில் எதிரில் டிராக்டரும் மாடும் வரும்போதே ஓட்டுகிறோம், அங்கே நெடுஞ்சாலை வழுவழு என்று இருக்கும், எதிரில் யாரும் வர முடியாது. 850 கிலோமீட்டர் எட்டு ஒன்பது மணி நேரம், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினால் போதும். ஐந்து பேருக்கு ரயில் டிக்கெட் என்ன விலை என்று பார்த்தீர்களா?

முத்தியால்பேட்டை அக்கா:

நெடுஞ்சாலை சுலபம்தான் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. அதுவரை போய்ச் சேருவதுதான் சிக்கல். ரயில் டிக்கெட்டோடு சுங்கக் கட்டணத்தையும் பெட்ரோலையும் ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விடும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சீக்கிரம் பதிவு செய்தால் ரயில் அவ்வளவு தூரம் கூடுதலாக இருக்காது. அதை விட்டாலும், எதிரில் மாடு வருமென்று பார்த்தே பழகிய கண் எட்டு மணி நேரம் ஒன்றுமே வராத ரோட்டில் அசந்துவிடும். நேரான ரோட்டில் தூக்கம்தான் பெரிய எமன்.

கெடிலக்கரை:

வில்லியனூர் தம்பிக்கு வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பம். மஸ்கட்டில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். பிரான்ஸ் எனக்குத் தெரியாது, ஆனால் இடது பக்கம் உட்கார்ந்து வலது பக்கம் ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல முடியும், புதிதாக வரும் நம்ம பையன்கள் நிறைய பேரைப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டிருக்கிறேன்.

முதலில் நிம்மதியான விஷயம், பெடல் மாறாது. கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் அதே வரிசைதான். கியர் மட்டும் வலது கைக்கு வரும். முதல் நாள் எல்லோருக்கும் இடது கை தானாகப் போய்க் கதவில் இடிக்கும், அதைப் பார்க்கலாம் என்று ரோட்டிலிருந்து கண்ணை எடுப்பார்கள், அங்கேதான் வம்பு. அதனால் கூடக் காசு ஆனாலும் ஆட்டோமேட்டிக் எடுங்கள், அங்கே மேனுவல்தான் அதிகம் என்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இண்டிகேட்டரும் வைப்பரும் இடம் மாறியிருக்கும், நம்ம மாருதியில் வலது கையில் போடும் இண்டிகேட்டர் அங்கே இடது கைக்கு வரும். திரும்பும்போது வைப்பர் ஓடினால் பதற வேண்டாம், அது ஒன்றும் செய்யாது.

அடுத்தது, புதிதாக ஓட்டுகிறவனுக்கு வண்டி எப்போதும் வலது ஓரத்தை உரசப் பார்க்கும். நாம் உட்காரும் இடம் மாறிவிட்டதால் வலது பக்கம் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நிறுத்தியிருக்கும் வண்டியின் கண்ணாடியைத் தட்டுவதும், ஓரக்கல்லில் டயரை ஏற்றுவதும் இதனால்தான். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ரோட்டின் நடுக்கோடு எப்போதும் உங்கள் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். எந்த நாட்டில் ஓட்டினாலும் ஓட்டுகிறவன் நடுக்கோட்டுப் பக்கம், பக்கத்தில் இருப்பவர் ஓரத்துப் பக்கம். உங்கள் மனைவி நடுக்கோட்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தால் நீங்கள் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

வலது திருப்பம் சின்னது, ஒட்டித் திரும்ப வேண்டும். இடது திருப்பம்தான் பெரியது, எதிர் ரோட்டைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் சேர வேண்டும், கை பழக்கத்தில் சுருக்கமாகத் திரும்பினால் எதிரே வருகிறவன் முகத்தில் போய் நிற்பீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியம் ஒன்று இருக்கிறது. நெரிசலில் யாரும் தப்பான பக்கம் போவதில்லை, முன்னால் போகிற வண்டியைப் பார்த்துப் பின்னாலேயே போய்விடுவோம். ஆபத்து எல்லாம் காலி ரோட்டில்தான். விடியற்காலையில் ஹோட்டல் வாசலிலிருந்து எடுக்கும்போது, பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போது, போட்டோ எடுக்க நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போது. பார்க்க ஒரு வண்டியும் இருக்காது, மனசு வேறெங்கோ இருக்கும், கை தன் பழைய பழக்கத்தில் இடது பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அதுவும் இரண்டாம் மூன்றாம் நாள், நமக்குத்தான் பழகிவிட்டதே என்று நினைக்கும்போதுதான் நடக்கும். என்னிடம் பழகிய பையன்களிடம் நான் சொல்வது இதுதான்: வண்டி நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருப்பவர் "வலது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள், பெரிய பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள்.

நடந்து ரோட்டைத் தாண்டும்போதும் இதே விஷயம்தான். வண்டி முதலில் இடது பக்கத்திலிருந்து வரும். அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

வில்லியனூரான்:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு அக்காவுக்கும் கடலூர் அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ரயில்தான் என்று முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம், ரயிலில் காலை நீட்டலாம் என்றதும் சரி என்றுவிட்டார்கள். லூர்துவில் மூன்று நாள் கார் எடுத்து, கவார்னி மலைப் பக்கம் ஒரு நாள் போய் வரலாம் என்று இருக்கிறோம். பெரியம்மாவும் கூட வருகிறேன் என்கிறார்கள், அப்போது ஆறு பேர். குழந்தை சீட், இன்சூரன்ஸ் இரண்டும் இன்னும் புரியவில்லை. விசாவுக்கு எடுத்த பயண இன்சூரன்ஸ் காருக்கும் சேருமா?

குயவர்பாளையம்:

சேராது. விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பாலிசி, கார் சேதம் அதில் வராது. வாடகை காரில் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் சட்டப்படி உள்ளேயே இருக்கும். காருக்கே அடிபட்டால் ஒரு தொகை வரை உங்கள் கையிலிருந்து போகும், மீதியைத்தான் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தொகை ஆயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம், டெபாசிட்டாகக் கார்டில் பிடித்து வைப்பதும் பெரும்பாலும் அதைத்தான். கவுண்டரில் தினசரி கொஞ்சம் கட்டினால் அந்தத் தொகையைக் குறைத்தோ பூஜ்ஜியமாகவோ ஆக்குவார்கள். முதல் தடவை வலது பக்கம் ஓட்டுகிறவர், மூன்றே நாள், நான் என்றால் கட்டிவிடுவேன். அப்போதும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், தப்பான எரிபொருள் ஊற்றியது இதெல்லாம் சேருமா என்று தனியாகக் கேளுங்கள்.

என் மைத்துனருக்கு ஒரு இடத்தில் நடந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்து ஊருக்கு வந்த பிறகு, பின் பம்பரில் கீறல் என்று கார்டில் பணம் எடுத்திருந்தார்கள். சாவி வாங்கியதும் அவர் சுற்றி வந்து வீடியோ எடுத்திருந்தார், அதில் அந்தக் கீறல் அப்படியே இருந்தது, அனுப்பியதும் பணம் திரும்பி வந்தது. நீங்களும் எடுங்கள், நாலு சக்கர ரிம்மையும் குனிந்து எடுங்கள், பெட்ரோல் முள்ளையும் கிலோமீட்டரையும் எடுங்கள், கொடுக்கும்போது மறுபடி ஒரு தடவை. அவர்கள் கொடுக்கும் தாளில் இல்லாத கீறலை அங்கேயே எழுதச் சொல்லுங்கள், அவசரப்படுத்தினாலும் நகராதீர்கள்.

குழந்தை சீட் இரண்டு பேருக்குமே கட்டாயம், பத்து வயதுக்குக் கீழே இருந்தால் வேண்டும், பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது. ஆறு பேர் என்றால் ஏழு சீட் வண்டி எடுக்க வேண்டும், ஆனால் மூன்றாவது வரிசை சீட்டை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் ஒரு கைப்பை வைக்கத்தான் இடம் இருக்கும். பெட்டிகளை லூர்து ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பெரியம்மா மகன் வந்து ஓட்ட நினைத்தால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும், எழுதாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடையாது.

முத்தியால்பேட்டை அக்கா:

கவார்னி போகும் ரோடு அழகு தம்பி, ஆனால் மலை ரோடு, மெதுவாகப் போங்கள். இரண்டு வண்டி ஒதுங்க முடியாத இடத்தில் இறங்கி வருகிறவர்தான் முதலில் நின்று வழி விட வேண்டும், ஏறுகிறவருக்கு உரிமை. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் குறைக்க வழி இருக்கும், கவுண்டரிலேயே காட்டச் சொல்லுங்கள். யாராவது வரைபடத்தைப் பார்த்து தூர்மலே கணவாய்க்கும் போகலாம் என்று ஆசை காட்டுவார்கள். 2115 மீட்டர் உயரம், மே மாதத்தில் பனியால் பெரும்பாலும் மூடியே இருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வண்டியில் ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட்டும் எச்சரிக்கை முக்கோணமும் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள், ஜாக்கெட் டிக்கியில் கிடக்கக் கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வலது பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். அம்மாவை வண்டியிலேயே உட்கார வைக்க வேண்டாம். ஓரத்தில் ஆரஞ்சு நிற போன் இருக்கும், அதில் பேசினால் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்கே தெரிந்துவிடும். எதற்கும் 112, ஆங்கிலத்திலும் பேசலாம். சின்ன மோதல் என்றால் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு படிவம் இருக்கும், இரண்டு ஓட்டுநரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்துப் போடுவது. புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், பெரியம்மா கூடவே இருப்பது நல்லதாகப் போயிற்று, அவர்களைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வில்லியனூரான்:

கடைசியாக ஒன்று அக்கா. பெட்ரோல் நாமே போட வேண்டுமாமே, எது பெட்ரோல் எது டீசல் என்று எப்படிப் பார்ப்பது?

முத்தியால்பேட்டை அக்கா:

டேங்க் மூடிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்று இருந்தால் டீசல். அதே வட்டமும் சதுரமும் குழாயிலும் ஒட்டியிருக்கும், இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். டீசல் குழாயில் "கஸோல்" என்று எழுதியிருக்கும், அதைப் பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் பெட்ரோல் பங்க்குகளில் விலை குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்க மாட்டார்கள், கார்டைப் போட்டுப் பின் நம்பர் அடித்துத்தான் எடுக்க வேண்டும், உங்கள் கார்டு அதில் வேலை செய்கிறதா என்று வார நாளிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அப்புறம் அந்தப் பக்கச் சின்ன ஊர்களில் வாடகை கவுண்டரும் மதியம் சாப்பாட்டு நேரத்தில் மூடிவிடுவார்கள், திருப்பிக் கொடுக்கும் நேரத்தை ரயில் நேரத்தோடு ஒத்துப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.